பதிவில் வேண்டாதவை

யாராவது திடீரென்று மரியாதையாகப் பேசினால் சுருக்கம்மா முதலில் தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஜிப் மூடியிருந்தால்தான் பதில் வணக்கம். இருபத்தெட்டு வருடமாக நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக உட்கார்ந்திருப்பவர். அந்த வேலையால் வந்த பெயர்தான் சுருக்கம்மா. பேச்சும் சுருக்கென்று தைக்கும் என்பதால் அது ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுவிட்டது.

கத்துகிற வக்கீலைக் கண்டு அவர் பயந்ததே இல்லை. கத்துகிறவர் மேஜையைத் தட்டுவார், கண்ணாடியைக் கழற்றி மாட்டுவார், அவ்வளவுதான். சாட்சி இரண்டு நிமிடம் நடுங்கிவிட்டுத் தெளிந்துவிடுவார். "அம்மா, அவசரமே இல்ல, தண்ணி குடிச்சிட்டு நிதானமா சொல்லுங்க" என்று ஆரம்பிக்கிற வக்கீல்தான் ஆபத்து. அந்தத் தண்ணீர் தொண்டையை விட்டு இறங்குவதற்குள் சாட்சியின் மானம் சந்தி சிரித்துவிடும். இதை எத்தனை முறை பார்த்திருப்பார் அவர்! அதனால் கூண்டுக்கு முன்னால் யாராவது குழைய ஆரம்பித்தால் சுருக்கம்மாவின் பென்சில் தானாகவே வேகம் எடுக்கும்.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணம் இல்லை. வேலையில் சேர்ந்த மூன்றாம் வருடம் வந்தது. அப்போதிருந்த நீதிபதி, ஒரு நர்ஸ் தொடுத்த வழக்கில் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வந்தவர், "இந்த மாதிரி வேலைக்கு வர்ற பொம்பளைங்க எதை வேணா சொல்லுவாங்க" என்று நடுவில் ஒரு வரி போட்டார். சுருக்கம்மா அதை எழுத்துத் தமிழாக்கித் தட்டச்சு செய்து கொடுத்தார். அவரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மேல் நீதிமன்றம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காய்ச்சி எடுத்துவிட்டது. நீதிபதி என்ன செய்தார்? "நான் அப்படிச் சொல்லவே இல்லை, தட்டச்சு செய்த பெண் தானாகச் சேர்த்தது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நோட்டை எடுத்துக் காட்டலாம் என்றால் நோட்டு இல்லை. நிரம்பிய நோட்டுகளைப் பழைய பேப்பரோடு போட்டுவிடுவதுதான் அப்போதைய வழக்கம். சுருக்கம்மாவின் பணிப்பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை ஏறியது. இன்றைக்கும் அது அங்கேதான் இருக்கிறது. அந்த நீதிபதி ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் கைதட்டினார்கள், சுருக்கம்மா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். நிரம்பிய நோட்டு எதையும் எறிவதில்லை. தட்டச்சுப் பிரிவில் இருந்த இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கி, சொந்தக் காசில் வாங்கிய பூட்டைப் போட்டு வைத்தார். இன்னொன்று, பென்சில் நிற்பதில்லை. "இது பதிவுல வேண்டாம்" என்று நீதிபதி கையை அசைத்தால் மற்ற சுருக்கெழுத்தாளர்கள் பென்சிலை எடுத்துவிடுவார்கள். சுருக்கம்மா தலையைக் குனிந்தபடி எழுதிக்கொண்டே இருப்பார். முனகல், நக்கல், சிரிப்பு எதையும் விடமாட்டார். சிரிப்புக்கு ஒரு கொக்கி. 'நீ' என்று ஒருமையில் பேசினால் கீழே ஒரு புள்ளி. மேஜையைத் தட்டினால் ஒரு குறுக்குக் கோடு. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத குறிகள். அவரைத் தவிர யாருக்கும் புரியாது.

ஆனால் நோட்டில் இருப்பது வேறு, கோப்புக்குப் போவது வேறு. வக்கீலின் கேள்வியைப் பதிவில் போடுவதில்லை. பதிலை மட்டும், சாட்சியே தானாகச் சொன்னதுபோலக் கோர்வையாக்கிப் போடுவார்கள். "ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குப் போனே? பெருக்கவா, பல்லைக் காட்டவா?" என்று வக்கீல் கேட்பார். கூண்டில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளி அழுதுகொண்டே "பெருக்கத்தான் போனேன்" என்பார். கோப்பில் "நான் அந்த அறையைச் சுத்தம் செய்வதற்காகவே சென்றேன்" என்று ஒரு வரி இருக்கும். கேள்வியும் போச்சு, அழுகையும் போச்சு. முன்பெல்லாம் நீதிபதி சொல்லச் சொல்ல எழுதுவார்கள். இப்போது "நீயே கோர்வையா போட்டுக்க" என்று விட்டுவிடுகிறார்கள். சுருக்கம்மாவுக்கு அதில் கர்வம்கூட உண்டு. எவ்வளவு குப்பையாகப் பேசினாலும் அவர் கையில் பட்டால் சலவை செய்த துணி மாதிரி வரும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

போன வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. நீதிமன்றத்துக்குள் எல்லோரையும் 'நீங்கள்' என்றே அழைக்க வேண்டும். பெண் வக்கீல்களைப் பாப்பா, தங்கச்சி, செல்லம் என்று கூப்பிடக் கூடாது. டாக்டருக்கு 'அவர்', கூட்டிப் பெருக்குகிறவருக்கு 'அவள்' என்று பதிவில் பேதம் காட்டக் கூடாது. ஓர் ஆணிடம் யாருடைய கணவர் என்று கேட்பதில்லை, அதனால் வழக்குக்குத் தேவை இல்லாதபோது பெண்ணிடமும் யாருடைய மனைவி என்று கேட்க வேண்டாம். மீறினால் புகார் செய்யலாம், விசாரிக்க ஒரு குழு உண்டு.

வழக்குகளைக் கூப்பிடுகிற பெஞ்ச் கிளார்க் அதை ராகம் போட்டு வாசித்தார். சுருக்கம்மாவைவிடப் பத்து வயது சின்னவர். கட்டடத்தில் எந்த வம்பு கிளம்பினாலும் அவர் காதில் வந்துதான் இளைப்பாறும்.

"கேட்டீங்களா அக்கா? இனிமே கேஸ் கட்டு தூக்கிட்டு வர்றவரையும் வாங்க போங்கன்னுதான் சொல்லணுமாம்."

"சொன்னா உன் நாக்கு தேஞ்சா போயிடும்?"

"எனக்கென்ன? உங்களுக்கு நல்லதுதானே இது. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"இத்தனை வருஷமா வாய்ல வராத மரியாதை ஒரு காகிதத்துல வருதுன்னா எங்கயோ இடிக்குது தம்பி. யாரோ யாரையோ காப்பாத்தப் பாக்கறாங்க."

அடுத்த திங்கட்கிழமை, நான்கு வருடமாக "ம், எழுது" என்று மட்டுமே சொல்லிவந்த அவருடைய நீதிபதி, "எழுதிக்கிட்டீங்களா?" என்றார். சுருக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூத்த வக்கீல் ஒருவர் இருந்தார். பேச்சு வழுக்கிக்கொண்டு போகும் என்பதால் முதுகுக்குப் பின்னால் அவரை வெண்ணெய் என்பார்கள். அவர் தாழ்வாரத்தில் நின்று, "சௌக்கியமா அம்மா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். இரண்டு வாரத்தில் கட்டடம் முழுக்கத் தேன் ஒழுகியது. சுருக்கம்மாவின் நோட்டில் புள்ளிகள் குறைந்துபோயின. குத்தல் குறைந்ததா என்றால் அது மட்டும் இல்லை. முன்பு 'நீ' என்று குத்தியவர்கள் இப்போது 'நீங்க' என்று குத்தினார்கள்.

அப்போதுதான் அந்த வழக்கு வந்தது. தையல் ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண் தன் மேற்பார்வையாளர் மீது தொடுத்தது. அந்தத் தொழிலாளியின் பக்கம் ஓர் இளம் பெண் வக்கீல். தொழிலுக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. கறுப்புக் கோட்டு ஒரு சுற்றுப் பெரிதாக இருக்கும். சுருக்கம்மாவின் மேஜைக்குப் பக்கத்திலேயே அவருக்கு நாற்காலி. தினமும் வரும்போது வணக்கம் சொல்வார், போகும்போதும் சொல்வார். இந்தப் பெண்ணுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்று சுருக்கம்மா அவரையும் ஒரு கண் பார்த்துக்கொண்டார்.

மேற்பார்வையாளருக்கு வெண்ணெய் வக்கீல். கூண்டில் நின்ற தொழிலாளியிடம் அவர் குனிந்து, "வீட்டுக்காரர் உங்ககூட இல்லையாமே, ஏங்கம்மா? அவருக்கு என்னங்க கஷ்டம்?" என்று கேட்டார். எவ்வளவு மரியாதை பாருங்கள்!

இளம் வக்கீல் எழுந்து, "இந்தக் கேள்வி வழக்குக்குத் தேவை இல்லாதது. ஆட்சேபிக்கிறேன்" என்றார்.

வெண்ணெய் வக்கீல் திரும்பினார். சுற்றறிக்கை எல்லாம் அந்த நிமிடம் காற்றில் போய்விட்டது. "உட்காரு பாப்பா. கோவப்பட்டா அழகு கெட்டுடும், அப்புறம் மாப்பிள்ளை கிடைக்காது."

பின்வரிசை வரைக்கும் சிரிப்பு. நீதிபதியும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கையை அசைத்தார். "இது பதிவுல வேண்டாம். மேல போங்க."

இளம் வக்கீல் உட்காரவில்லை. காது மடல் வரை சிவந்துபோய் அப்படியே நின்றார். சுருக்கம்மாவின் பென்சிலும் நிற்கவில்லை.

மறுநாள் இளம் வக்கீல் குழுவுக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். வெண்ணெய் வக்கீலின் பதில் ஒரே பக்கம். அமரும்படி கேட்டுக்கொண்டதைத் தவிர தான் ஒன்றும் சொல்லவில்லை, பதிவைப் பார்த்துக்கொள்ளலாம். பதிவைப் பார்த்தார்கள். "ஆட்சேபம் தெரிவித்த வழக்கறிஞரை அமருமாறு கேட்டுக்கொண்டார். ஆட்சேபம் ஏற்கப்படவில்லை" என்று பளிச்சென்று இருந்தது. சுருக்கம்மா கோர்வையாக்கியதுதான். அன்று அறையில் வாய்விட்டுச் சிரித்தவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் காது மந்தமாகிவிட்டது. நீதிபதி, தனக்கு நினைவில்லை என்றார். வெண்ணெய் வக்கீல் அதோடு விடவில்லை. பொய்ப்புகார் கொடுத்ததற்கு எழுத்தில் மன்னிப்பு வேண்டும், இலவச சட்ட உதவிப் பட்டியலிலிருந்து அந்தப் பெண்ணின் பெயரை எடுக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பட்டியலிலிருந்துதான் இளம் வக்கீலுக்கு வழக்குகள் வந்துகொண்டிருந்தன. பட்டியல் போனால்கூடச் சமாளிக்கலாம். பொய்க்காரி என்று ஒரு முறை பெயர் விழுந்தவர் நாளைக்கு எழுந்து ஆட்சேபம் சொன்னால் எந்த நீதிபதி காது கொடுப்பார்?

வெள்ளிக்கிழமை ஆஜராகும்படி சுருக்கம்மாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. "தங்கள் சுருக்கெழுத்து நோட்டுடன் வரவும்."

நோட்டுடன்! தான் எதையும் விடாமல் எழுதுவது யாருக்குத் தெரியும்? நேராகப் பெஞ்ச் கிளார்க்கிடம் போனார்.

"நீதானே சொன்னே?"

"என்ன சொன்னேன்? அக்கா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் ஊருக்கே தெரிஞ்சிருக்காதா?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மதியம் இளம் வக்கீலே தட்டச்சுப் பிரிவுக்கு வந்தார். சுருக்கம்மா உட்காரச் சொல்லவில்லை.

"நான்தான் சொன்னேன் மேடம். அன்னிக்கு ஜட்ஜ் வேண்டாம்னதும் எல்லாரும் பேனாவை வச்சிட்டாங்க. நீங்க மட்டும் எழுதிக்கிட்டே இருந்தீங்க. பக்கத்துல நின்னேனே, பாத்தேன்."

"என்னைக் கேட்டுட்டா சொன்னீங்க?"

"இல்ல. கேட்டா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க. மன்னிச்சிடுங்க."

"உங்க புகாருக்கு என் கழுத்தை நீட்டணும். அதுக்கு ஒரு மன்னிப்பு. நல்லா இருக்கு வக்கீலம்மா."

"எனக்கு வேற வழி இல்ல மேடம்" என்றார் அந்தப் பெண். குரல் உடைந்தது. உடனே அதைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அழுகையா, வக்கீல் தந்திரமா என்று சுருக்கம்மா வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். வக்கீல்கள் அழுது எத்தனை பார்த்திருக்கிறார்!

வியாழக்கிழமை நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டார். "உட்காருங்க அம்மா." நான்கு வருடத்தில் அந்த அறையில் சுருக்கம்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்களாமே? பயப்படாதீங்க. நோட்டுல இருக்கறதைப் படிங்க, அவ்வளவுதான். உங்க எழுத்து உங்களுக்கு மட்டும்தானே புரியும்?"

சிரித்தார். சுருக்கம்மாவும் சிரித்துவைத்தார். வெளியே வந்த பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. ஆறுதலா அது, மிரட்டலா? அடுத்த மாதம் அவர்தான் சுருக்கம்மாவைப் பற்றி வருடாந்திர ரகசிய அறிக்கை எழுத வேண்டும். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. பணிப்பதிவேட்டில் ஏற்கெனவே ஒரு கறை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னார். அவர் செருப்புக் கடை விற்பனையாளர். நாள் முழுக்க மண்டிபோட்டு மற்றவர் காலுக்கு அளவு பார்க்கிற வேலை.

"எங்க கடையில கால் நாறினாலும் சார்தான், மேடம்தான்" என்றார் அவர். "மரியாதை கொடுத்துக் கொடுத்தே எனக்கு முட்டி போச்சு. அதை வச்சு ஆளை எடை போடறதையே நான் விட்டுட்டேன். நீ என்ன செய்யப்போறே?"

"அந்த ஜட்ஜ் என்னமோ சொல்றாருங்க. அந்தப் பொண்ணும் என்னமோ பண்ணுது. எனக்கு யாரையும் நம்ப முடியல."

"நம்ப வேண்டாம். நோட்டுல என்ன இருக்கு?"

"எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன? படிச்சிட்டு வா." அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. சுருக்கம்மாவுக்கு வந்த எரிச்சலில் சாப்பாடே இறங்கவில்லை. ஆனால் முடிவு அங்கேயே எடுத்துவிட்டார், படித்துவிடுவது என்று.

குழு மாடியில் நூலக அறையில் கூடியது. வேறு நீதிமன்றத்தின் பெண் நீதிபதி ஒருவர் தலைவர். பக்கத்தில் பதிவாளர். ஓரத்தில் கணினி முன்னால் தட்டச்சு செய்கிற ஓர் இளம்பெண். மேஜையின் ஒரு பக்கம் வெண்ணெய் வக்கீல் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் இளம் வக்கீல், இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு.

"அந்தப் பக்கத்தை அப்படியே படிங்கம்மா" என்றார் தலைவர்.

சுருக்கம்மா பக்கத்தைப் புரட்டினார். தொண்டையைச் செருமினார். பார்வை பென்சில் கோடுகளில் ஓடியது, வாய் தெளிவாக, நிறுத்தி நிறுத்திப் படித்தது. "இக்கேள்வி வழக்குக்குத் தேவையற்றது என வாதித் தரப்பு வழக்கறிஞர் ஆட்சேபம் தெரிவித்தார். எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் அவரை அமருமாறு கேட்டுக்கொண்டார். ஆட்சேபம் ஏற்கப்படவில்லை."

கணினியில் விசைகள் தடதடத்து ஓய்ந்தன.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் வெண்ணெய் வக்கீல்.

தலைவர் இளம் வக்கீலைப் பார்த்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அந்தப் பெண் சுருக்கம்மாவின் பக்கமே திரும்பவில்லை. "இல்ல மேடம்" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி சுருக்கம்மா கேட்டதில்லை.

நோட்டை மூடப் போனபோதுதான் சுருக்கம்மாவின் கண்ணில் அந்தப் புள்ளி பட்டது. பக்கத்திலேயே கொக்கி. இன்னொரு கொக்கி. உட்காரு பாப்பா என்று அங்கே கோடுகோடாக எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை எழுதியிருக்கிறது. தான் படித்த வாக்கியம் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை! படிக்கத்தானே வந்தார்? படித்தோம் என்றுதானே நினைத்தார்? இருபத்தெட்டு வருடமாகக் கண் ஒன்றைப் பார்க்க, கை வேறொன்றைத் தட்டச்சு செய்து பழகியிருந்தது. இன்று வாயும் அதையே செய்துவிட்டது. பழக்கத்தில்தான் செய்ததா? நேற்று அந்த நாற்காலி நுனியில் உட்கார்ந்த பயத்தில் செய்ததா? உலகத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் சந்தேகப்பட்டவருக்கு இப்போது தன் வாய் மீதே சந்தேகம் வந்தது. உண்மையாகவே தெரியவில்லை அவருக்கு.

"மேடம்" என்றார். எழுந்து நின்றிருந்தார், எப்போது எழுந்தார் என்று நினைவில்லை. "நான் படிச்சது தப்பு."

வெண்ணெய் வக்கீல் காலை ஆட்டுவதை நிறுத்தினார். "ஒரு தடவை படிச்சாச்சே. ஆளுக்கு ஆள் முகத்தைப் பாத்துட்டு மாத்திப் படிக்கறதுக்கு—"

"கொஞ்சம் இருங்க" என்றார் தலைவர். "நீங்க படிங்கம்மா."

இந்த முறை சுருக்கம்மா ஒவ்வொரு குறிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டார். முதல் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோலப் படித்தார். "உட்காரு. பாப்பா. ஒருமையில. கோவப்பட்டா அழகு கெட்டுடும். அப்புறம் மாப்பிள்ளை கிடைக்காது. சிரிப்பு, பின்வரிசையில." விரல் அடுத்த கொக்கிக்கு வந்தது. "சிரிப்பு, நீதிபதி. இது பதிவுல வேண்டாம், மேல போங்க."

பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். இளம் வக்கீல் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அது தந்திரம் இல்லை என்று இப்போது சுருக்கம்மாவுக்குத் தெரிந்தது.

"அப்போ முதல்ல படிச்சது எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார் தலைவர்.

"அது நான் எப்பவும் போடறது மேடம். நோட்டுல இப்படி எழுதுவேன், கோப்புல அப்படிப் போடுவேன். இருபத்தெட்டு வருஷமா அப்படித்தான்."

கணினி முன்னால் இருந்த பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மேடம், முதல்ல படிச்சதை எடுத்துடட்டுமா?"

தலைவர் சுருக்கம்மாவின் முகத்தைப் பார்த்தார். மனசு இளகியிருக்க வேண்டும். "எடுத்துடுங்க. தவறுதலாப் படிச்சுட்டாங்க, பாவம்."

அது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சுருக்கம்மாவுக்கே அதில் சந்தேகம் வரவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும், முதலில் படித்த பொய் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

"வேண்டாம் மேடம், எடுக்காதீங்க" என்றார். "எடுத்துட்டா நான் முதல் தடவையே ஒழுங்காப் படிச்ச மாதிரி ஆயிடும். நான் அப்படிப் படிக்கல. ரெண்டும் இருக்கட்டும்."

தட்டச்சு செய்கிற பெண் தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்ததும் சுருக்கம்மா இப்போது சொன்னதையும் பதிந்துகொண்டார்.